பாலமீன்மடுத் துறையும் வாவிக்கரை நடையும்: மட்டக்களப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மட்டக்களப்புக்கு வருகிறவர்களில் பலர் பாசிக்குடாவில் குளிக்கிறார்கள், கல்லடிப் பாலத்தடியில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். வாவியைப் பார்த்தாயிற்று என்ற எண்ணத்தோடுதான் போகிறார்கள். எனக்கு அது மனக்கவலை தருகிற விஷயம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம், 141 சதுர கிலோமீற்றர் பரப்பு உள்ள ஒரு கடலேரி இது. வடக்கே பங்குடாவெளிப் பக்கத்தில் தொடங்கி தெற்கே அம்பாறை மாவட்டத்துக் கல்முனை வரை இறங்குகிறது. வண்டிக் கண்ணாடி வழியாக அதில் ஒரு துண்டுகூட ஒழுங்காகத் தெரியாது. வாவியைக் கரையோரமாக நடந்துதான் பார்க்க வேண்டும், அதுவும் சரியான நேரத்தில் சரியான கரையில் நின்று.

அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். விடியற்காலையில் பாலமீன்மடுத் துறை, முற்பகலில் புளியந்தீவு, மதியம் ஓய்வு, மாலையில் நாவலடி, இரவில் கல்லடிப் பழைய பாலம். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். வெயிலும் காற்றும் இந்த ஊரில் எப்படி நகர்கின்றனவோ அதற்கேற்ப அமைந்த ஒழுங்கு இது.

எந்த மாதம், எந்த நாள்

இங்கே பெருமழை வாடைக்காற்றோடு வருவது. நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் வாவி நிரம்பி, தாழ்ந்த பாதைகளில் தண்ணீர் ஏறி, கரை நடை என்பதே இல்லாமல் போய்விடும். நடக்க வருபவர்களுக்கு பெப்ரவரி கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை நல்லது. அதிலும் மார்ச், ஏப்ரல் எனக்கு மிகவும் பிடித்த காலம். மழைத் தண்ணீர் வடிந்து, கரையில் புல் இன்னும் பச்சையாகவே இருக்கும்.

மே, யூன், யூலையில் வருபவர்கள் கச்சான் காற்றைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். மலைநாட்டைத் தாண்டித் தரைப்பக்கமிருந்து வருகிற வறண்ட, சூடான காற்று அது. வீசத் தொடங்கினால் காலை ஒன்பது மணிக்கே உதடு காய்ந்துவிடும். அந்த மாதங்களில் வரக்கூடாது என்றில்லை. ஆனால் விடியலை விட்டுவிட்டால் பிறகு மாலை நாலு மணிக்குத்தான் வெளியே இறங்க முடியும்.

இரவில் வாவிக்குள்ளிருந்து எழும்பும் ஒலியைப் பாடும் மீன் என்பார்கள். அதைக் கேட்க ஆசை என்றால் பௌர்ணமியை ஒட்டி நாள் பார்த்து வாருங்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கூட்டம் பிடிக்காதவர்கள் ஞாயிற்றுக்கிழமையையும் பொது விடுமுறைகளையும் தவிர்த்துவிட வேண்டும். ஞாயிறு மாலை கல்லடிக் கடற்கரையும் வெளிச்சவீட்டுப் பக்கமும் குடும்பம் குடும்பமாக நிறைந்திருக்கும். அது ஒரு அழகு, ஆனால் அமைதி தேடி வருகிறவர்களுக்குச் சரிவராது.

வந்து சேர்வதும் தங்குவதும்

கொழும்பிலிருந்து உதயதேவி, புலத்திசி இரண்டு ரயில்களும் மட்டக்களப்பு வரை வருகின்றன. இரவு பஸ்களும் நிறைய. ரயிலில் இருக்கை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நீண்ட பயணம், நின்றுகொண்டு வர முடியாது. முந்தின நாளே வந்து, புளியந்தீவு, கோட்டைமுனை, கல்லடி இந்த மூன்றில் எங்காவது தங்குங்கள். எல்லாம் ஒன்றுக்கொன்று கிட்டத்தான். இரவு பஸ்ஸில் வந்து இறங்கி நேரே நடையைத் தொடங்கலாம் என்று நினைக்காதீர்கள். தூங்காத உடம்புக்கு மட்டக்களப்பு வெயில் தாங்காது.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. தொப்பி, ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், மணலிலும் சேற்றிலும் நனைந்தால் பரவாயில்லை என்கிற செருப்பு, சில்லறைக் காசு. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் வழியில் வரும் என்பதால் தோளும் முழங்காலும் மூடுகிற உடுப்பு. கொசுவுக்கு ஏதாவது தடவிக்கொள்ள ஒன்று, மாலைக்கு அது கட்டாயம் தேவை. பைனாகுலர் இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள். இந்த வாவியில் அது வீண்போகாது.

விடியல்: பாலமீன்மடுத் துறை

நகரத்திலிருந்து பார் வீதி வழியாக ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர். விடியுமுன் ஓட்டோ பிடித்துப் போய், திரும்பும்போது நடப்பது நல்லது. முந்தின நாள் மாலையே ஓட்டோக்காரரிடம் சொல்லி வைத்துவிடுங்கள். "ஐந்தரைக்கு வெளிச்சவீட்டடிக்கு" என்றால் போதும், எல்லோருக்கும் தெரியும். சூரியன் ஆறு மணி சுற்றில் எழும்பும். அதற்குக் கால் மணி நேரம் முன்னதாக அங்கே நிற்க வேண்டும்.

வெளிச்சவீடு 1913இல் கட்டப்பட்டது, 28 மீற்றர் உயரம். அதைச் சுற்றித்தான் துறை. பெரிய துறைமுகம் மாதிரி எதையும் எதிர்பார்க்காதீர்கள். கரையில் ஏற்றிவிட்ட ஃபைபர் படகுகள், தண்ணீரில் கட்டிக் கிடக்கும் தோணிகள், காயவைத்த வலைகள், கண்டல் மரங்களுக்கு நடுவே ஓடுகிற சிறு ஓடைகள். அவ்வளவுதான். அந்த நேரத்தில் காற்று அசையாது. நீரில் படகின் நிழல் வெட்டி ஒட்டினது போலத் தெளிவாகக் கிடக்கும். ஒன்பது மணிக்குப் பிறகு கடற்காற்று எழும்பினால் இந்தத் தெளிவு போய்விடும். அதனால்தான் இவ்வளவு விடியவே கிளம்பச் சொல்கிறேன்.

போனவுடன் படகு ஏறாதீர்கள். முதல் அரை மணி நேரம் கரையில் நின்று பாருங்கள். இரவு வலை போட்டவர்கள் திரும்புகிற நேரம் அது. தோணி கரை தட்டியதும் ஒருவர் வலையின் ஒரு நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவார், மற்றவர் தோணிக்குள் குந்தியபடி கண் கண்ணாக மீனை எடுப்பார். செதிள் உதிராமல், வலை அறுபடாமல், செவுளுக்குப் பக்கத்தில் விரலை வைத்து ஒரு திருப்பு, மீன் வெளியே வந்துவிடும். நண்டு மாட்டியிருந்தால் வேலை மெதுவாகும். முதலில் கொடுக்கை மடக்கிப் பிடிப்பார், பிறகுதான் நூலை விடுவிப்பார். செப்பலி, மணலை, திரளி, ஓரா, சில நாளில் நல்ல கொடுவா, இறால். கரையிலேயே விலை பேசி வாங்குகிறவர்கள் சைக்கிளோடும் மோட்டார் சைக்கிளோடும் காத்து நிற்பார்கள். பத்து நிமிடத்தில் கூடை காலியாகிவிடும்.

இங்கே சில ஒழுங்குகள் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன். தரையில் விரித்த வலையை மிதிக்கவோ தாண்டவோ கூடாது, சுற்றிப் போங்கள். படகின் கயிற்றைத் தொடாதீர்கள். வலை எடுத்துக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், கை ஓய்ந்ததும் பேசலாம். வயதானவரென்றால் "ஐயா", நடு வயதென்றால் "அண்ணன்" என்று கூப்பிட்டால் முகம் மலரும். படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். ஓம் என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் எடுத்தால் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் அடுத்து வருகிறவரிடம் பேசவும் மாட்டார்கள்.

படகில் போவதென்றால்

கண்டல் ஓடைகளுக்குள் அழைத்துப் போகப் படகுகள் கிடைக்கும். ஏறுவதற்கு முன் நாலு விஷயம் பேசி முடிக்க வேண்டும். கூலி முழுப் படகுக்கா, ஆளுக்கா? எவ்வளவு நேரம்? எதுவரை போய்த் திரும்புவது? லைஃப் ஜாக்கெட் ஆளுக்கொன்று இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு இல்லையென்று பதில் வந்தால் அந்தப் படகை விட்டுவிடுங்கள். நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும். நாலையும் ஒரே மூச்சில், சிரித்த முகத்தோடு கேட்டுவிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

எஞ்சின் படகா, துடுப்புத் தோணியா என்றால் நான் எப்போதும் தோணியைத்தான் சொல்வேன். எஞ்சின் படகுதான் கிடைத்தது என்றாலும் ஓடைக்குள் நுழைந்ததும் எஞ்சினை நிறுத்திக் கம்பால் தள்ளச் சொல்லுங்கள். சத்தம் நின்ற பிறகு ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் ஓடை தன் வேலையைத் தொடங்கும். சேற்றில் ஊசி ஊசியாக நிமிர்ந்து நிற்பவை வெண்கண்டலின் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. வளைந்து வளைந்து தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்பது இன்னொரு வகைக் கண்டல். அதன் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போலத் தொங்கும். விழும்போது கூர்முனை சேற்றில் குத்தி அப்படியே வேர்விடும், இல்லாவிட்டால் மிதந்து போய் வேறு கரையில் ஒதுங்கும். வேர்களுக்கிடையே ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் இருக்கும். ஆண் நண்டுக்குத்தான் அந்தப் பெரிய கொடுக்கு. அதை உயர்த்தி உயர்த்தி ஆட்டும். நிழல் விழுந்த நொடியில் எல்லாம் வளைக்குள் மறையும், நீங்கள் அசையாமல் இருந்தால் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும். சேற்றின் மேலேயே துள்ளித் துள்ளிப் போகிற மீனையும் அப்போது பார்க்கலாம்.

கிளையை ஒடிப்பது, இலையைப் பிய்ப்பது வேண்டாம். கண்டலோடு கலந்து தில்லை மரமும் நிற்கிறது. அதன் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. படகுக்காரர்கள் புதியவர்களுக்கு முதலில் சொல்வதே அதைத்தான்: "அத ஒடிக்காத மனே, தில்லப்பால் கண்ணுல பட்டா கண்ணு போயிரும்."

பறவைகளுக்குத் தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை, அவை தானாக வரும். கம்பங்களில் இறக்கையை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகங்கள், கொக்குகள், மீன்கொத்திகள், வலை இழுக்கிற இடத்துக்கு மேலே வட்டமிடும் செம்பருந்து. ஆலாக்கள் முகத்துவாரப் பக்கம் கூட்டமாக இருக்கும். கூழைக்கடாக்கள் சில நாளில் நூற்றுக்கணக்கில் நீந்திக்கொண்டு போகும். சில நாளில் ஒன்றுகூட இருக்காது.

இந்தக் கரையிலிருந்து கடலுக்குள் சில கிலோமீற்றர் தள்ளித்தான் 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடப்பதால் நன்றாகப் பயிற்சி பெற்ற சுழியோடிகளுக்கு மட்டுமே அது எட்டும். மற்றவர்கள் கரையில் நின்று அந்தத் திசையைப் பார்த்துக்கொள்ளலாம்.

முகத்துவாரம்

வெளிச்சவீட்டிலிருந்து கடல் பக்கமாகப் போனால் வாவி கடலைத் தொடுகிற இடம். இந்த நடையிலேயே எனக்கு மிக முக்கியமான இடம் இதுதான். இங்கே வெறுமனே படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

நம் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே வாவியின் வாயைத் திறந்து வைத்திருக்கும் பலம் கடலின் ஏற்ற இறக்கத்துக்குப் போதாது. கோடையில் ஆறுகளில் தண்ணீர் குறைந்ததும் அலை கொண்டுவந்து போடுகிற மணல் மெல்ல மெல்ல வாயை அடைக்கிறது. மழைக்காலத்தில் மேற்கிலிருந்து வருகிற வெள்ளம் வாவியை நிரப்புகிறது. மணல்மேடு உடைபடாவிட்டால் படுவான்கரை என்கிற மேற்குக் கரையின் வயல்களில் தண்ணீர் ஏறி, நெல் அழுகிப்போகும். அப்போது முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும் என்று விவசாயிகள் கேட்பார்கள். நேரம் தெரியாமல் வெட்டினால் வாவி வற்றி, இறாலும் குஞ்சும் கடலோடு போய்விடும் என்று மீன்பிடிக்கிறவர்கள் கவலைப்படுவார்கள். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். ஆண்டுதோறும் அதிகாரிகள் இரண்டு பக்கத்தையும் கேட்டு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் நிற்கிற அந்த மணல் திட்டில்தான் எத்தனையோ கிராமங்களின் சோறும் கறியும் தங்கியிருக்கிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முகத்துவாரத்தில் குளிக்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் வாய் திறந்திருக்கும் நாட்களில் அடியில் நீரோட்டம் பலமாக இழுக்கும். மணல் விளிம்பும் திடீரென்று சரியும். முழங்கால் அளவுதானே என்று இறங்கினவர்கள் இழுபட்டுப் போயிருக்கிறார்கள். பிள்ளைகளோடு வந்தால் கையை விடாதீர்கள். வாவிக்குள்ளும் அப்படித்தான், நினைத்த இடத்தில் இறங்கிக் குளிக்கக்கூடாது. இந்த வாவியில் முதலை உண்டு. உள்ளூர்க்காரர் இறங்குகிற துறையில், அவர்கள் இறங்குகிற நேரத்தில், அவர்களைக் கேட்டுவிட்டு மட்டும் காலை நனையுங்கள்.

திரும்பும் நடை, பிறகு புளியந்தீவு

எட்டரை மணியளவில் பார் வீதி வழியாக நகரத்தை நோக்கி நடக்கத் தொடங்கலாம். வீடுகள், தென்னந்தோட்டங்கள், இடையிடையே வாவியின் ஒரு வெட்டு. முழுத்தூரமும் நடக்க வேண்டியதில்லை. வெயில் ஏறியதும் ஓட்டோவை மறித்து ஏறிவிடுங்கள். வழியில் தேத்தண்ணிக்கடை கண்டால் நில்லுங்கள். அந்த நேரத்தில் புட்டோ இடியப்பமோ சூடாக இருக்கும், மீன் ஆணத்தோடு கேளுங்கள்.

புளியந்தீவு சிறியது, நிழல் நிறைந்தது, ஒன்றரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். கோட்டையில் தொடங்குங்கள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது. பத்தே வருடத்தில், 1638 மே மாதம், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். இலங்கையில் அவர்கள் கைக்கு வந்த முதல் போர்த்துக்கேயக் கோட்டை இது. இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. கொத்தளத்தின் மேலே நின்று வாவியைப் பாருங்கள். தண்ணீர் வழியாக வருகிற எவரும் தப்ப முடியாத இடத்தில் ஏன் கட்டினார்கள் என்பது அங்கே நின்றால் தானாக விளங்கும். கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், நெடுங்காலம் இதற்குள்தான் இயங்கியது, அதனால் நம் ஊரவர்களுக்குக் கோட்டை என்றால் பிறப்புச் சான்றிதழும் காணிப் பத்திரமும்தான் நினைவுக்கு வரும்.

அங்கிருந்து தெருக்களுக்குள் நுழைந்தால் பள்ளிக்கூடங்களும் தேவாலயங்களும் கோயில்களும் அடுத்தடுத்து வரும். மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கம் 1814. அந்த ஆண்டு படகில் வந்து இறங்கிய வில்லியம் ஓல்ட் பாதிரியார் மறு ஆண்டே இங்கேயே காலமானார். அவர் வந்திறங்கியதன் நினைவுதான் வாவிக்கரையில் காந்திப் பூங்காவை ஒட்டி நிற்கிற மட்டக்களப்பு வாயில். புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தொடங்கியது. பள்ளி நடக்கிற நாளில் வாசலில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூங்காவில் மரத்தடி வாங்குகள் உண்டு. மதியத்துக்கு முன்னால் கால் ஓய அதுவே நல்ல இடம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டக்களப்புத் தயிரைச் சாப்பிடாமல் போகாதீர்கள். எருமைப் பாலில் உறைந்த தயிர், மண்சட்டியில். நல்ல தயிர் என்றால் கரண்டியால் வெட்டி எடுக்கிற மாதிரி நிற்கும், ஓரத்தில் தண்ணீர் விட்டிருக்காது. சர்க்கரையோ பாணியோ போட்டுச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி வரை படுத்துவிடுங்கள். ஊரே அந்த நேரத்தில் அப்படித்தான் இருக்கும்.

மாலை: நாவலடி

மூன்றரைக்குக் கல்லடிப் பாலத்தைத் தாண்டி, கடற்கரைக்குப் போய், இடப்பக்கம் வடக்கே திரும்பினால் நாவலடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மெல்லிய மணல் நிலம். முகத்துவாரத்தின் மறுகரை வரை நாலு கிலோமீற்றர் சுற்று. காலையில் நீங்கள் நின்ற வெளிச்சவீடு எதிரே தெரியும். சூரியன் கடலிலிருந்து எழும்புவதையும் வாவிக்குள் இறங்குவதையும் ஒரே இடத்தில் பார்க்கக் கிடைக்கிற நிலம் இது.

இங்கே நடக்கும்போது ஒன்றை மனதில் வைத்திருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடி ஏறக்குறைய முழுதாக அழிந்த கிராமம். தப்பிய குடும்பங்கள் பல திராய்மடுவில் குடியேறின. நினைவிடமும் அங்கங்கே வெறும் அத்திவாரங்களும் இருக்கின்றன. அத்திவாரக் கற்களில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், அது யாரோ ஒருவரின் வீடு. டிசம்பர் கடைசியில் வந்தால் உறவுகளை இழந்தவர்கள் விளக்கேற்ற வருவார்கள். ஒதுங்கி நின்று வழி விடுங்கள். கல்லடியில் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் அந்த அலையில் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அதைப் பார்க்கவும் பலர் போகிறார்கள். கோயில் என்பதை மறக்காமல் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனால் சரி.

நடைக்குக் கடற்பக்க மணலைவிட வாவிப்பக்கம் மேல். மணல் இறுகி இருக்கும், காற்றும் குறைவு. ஐந்தரை மணிக்கு நடையை நிறுத்தி, வாவியைப் பார்த்து உட்காருங்கள். இருட்டிய பிறகு அந்தப் பாதையில் வெளிச்சம் குறைவு, தனியாக நடக்க வேண்டாம். திரும்பிப் போக ஓட்டோவை முன்கூட்டியே பேசி வைத்திருங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் கல்லடி உப்போடையில் சுவாமி விபுலானந்தரின் சமாதிக்குப் போய் வாருங்கள். 1892இல் காரைதீவில் பிறந்து, 1947இல் மறைந்து, தான் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்தின் வளவிலேயே அடக்கமானவர். பழந்தமிழ் யாழையும் இசையையும் ஆராய்ந்த அவர் இந்த வாவியின் பாடும் மீனையும் மறக்கவில்லை.

இரவு: பழைய பாலமும் பாடும் மீனும்

கல்லடியில் இரண்டு பாலங்கள் அருகருகே. புதியது 2013 மார்ச்சில் திறக்கப்பட்டது, வாகனமெல்லாம் அதில். பழைய இரும்புப் பாலம் ஆளுநர் மானிங் காலத்தது, அவர் மனைவியின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். இப்போது அது நடக்கிறவர்களுக்கும் தூண்டில் போடுகிறவர்களுக்கும். மாலை ஏழு மணிக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பாருங்கள், பாதி ஊரைச் சந்தித்துவிடலாம். கச்சான் கடலைச் சுருள் ஒன்று கையில் இருந்தால் நடை இன்னும் நீளும்.

பாடும் மீனுக்கு அந்த நேரம் ஆகாது. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான வறண்ட மாதங்களில், பௌர்ணமியை ஒட்டிய இரவில், பத்து மணிக்கு மேல், புதிய பாலத்தில் வாகனம் குறைந்த பிறகு தோணியில் போக வேண்டும். பாலத்துக்கு அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைக்க வேண்டும். 1848இல் எமர்சன் ரெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி படகின் மரத்தில் காதை வைத்து இங்கே கேட்டு எழுதி வைத்தார். ஒலி எழுப்புவது மீனா, சிப்பியா என்று இன்றுவரை தீர்ந்தபாடில்லை. கேட்கும் என்று உறுதி சொல்கிறவரிடம் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். கேட்காமல் திரும்பினாலும் நிலவில் வாவிக்கு நடுவே அசையாமல் கிடந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு மிஞ்சும். இரவுத் தோணிக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். துணைக்கு ஒருவராவது வேண்டும்.

இன்னொரு நாள் இருந்தால்

மறுநாள் மறுகரைக்குப் போங்கள். சூரியன் எழும்பும் கடற்பக்கம் எழுவான்கரை, அது இறங்கும் மேற்குப்பக்கம் படுவான்கரை. எழுவான்கரை நெருக்கமான ஊர்களும் கடைகளும். படுவான்கரை வயலும் எருமையும் குளமுமாக விரிந்து கிடக்கும். 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைக்குப் போவது இப்போது சுலபம். முன்னெல்லாம் அங்கே படகுப்பாதை என்கிற மிதவைப் படகில்தான் கடப்பார்கள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு, வாவிக்கரையோரக் கிராம வழிகளில் நடக்கலாம். சைக்கிள் வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது.

தெற்கே போக விருப்பமென்றால் களுவாஞ்சிக்குடிக்குப் பஸ் ஏறி, குருமண்வெளித் துறைக்குப் போங்கள். நேரெதிரே மண்டூர். ஆளும் மோட்டார் சைக்கிளும் சேர்ந்து ஏறுகிற இயந்திரப் படகுப்பாதையில் கடப்பதுதான் அங்கே வழக்கம். மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கப்புகர் என்கிற பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் மௌனமாகப் பூசை செய்கிற கோயில். நடை திறக்கும் நேரத்தையும் கடைசிப் படகு நேரத்தையும் துறையில் ஏறும்போதே கேட்டு வையுங்கள். படகைத் தவறவிட்டால் வெல்லாவெளிப் பக்கமாகச் சுற்றித்தான் வர வேண்டும், அந்தி நேரத்தில் அந்த வழியில் பஸ்ஸை நம்ப முடியாது.